அடுத்த அறிக்கை மாலை நான்கு மணிக்கு

காலை மணி பத்து இருபது. திருச்சியில் ஓர் அடுக்குமாடிக் கட்டடத்தின் மூன்றாவது தளம். சாத்தியிருந்த கதவில் ஒரு வெள்ளைத் தாள். ‘பாப்பா தூங்குகிறாள். தயவுசெய்து பெல் அடிக்காதீர்கள்.’ கணினியில் அச்சடித்த எழுத்து, நான்கு மூலையிலும் செலோடேப், ஓரத்தில் தூங்குகிற கரடிக்குட்டி ஒன்றின் படம்.

உள்ளே இருந்தது என் பழைய நண்பரின் பேத்தியும் அவளுடைய இருபது நாள் குழந்தையும். வெளியே இருந்தது நானும் ஒரு சீப்பு மலைவாழைப்பழமும். போன் செய்யலாம், அதுவும் உள்ளே போய் மணிதான் அடிக்கும். படியில் உட்கார்ந்துகொண்டேன். தண்ணீர்க் கேன் கொண்டுவந்த இளைஞர் தாளைப் படித்தார், கேனைச் சத்தமில்லாமல் இறக்கினார், நுனிக்காலில் படியிறங்கிப் போனார். எனக்குச் சற்றுப் பொறாமையாக இருந்தது. ஏறக்குறைய இதே செய்தியை நானும் ஒரு கதவில் ஒட்டியிருக்கிறேன். அன்று கோயில் மணி அடித்தார்கள். தச்சர் அளவுக் கயிற்றோடு வந்து நின்றார்.

கதவிடுக்கு வழியாகச் சுட்ட வசம்பின் வாசனை வந்தது. கம்ப்யூட்டர் கம்பெனியில் வேலை பார்க்கிற பெண்ணின் வீட்டிலும் யாரோ வசம்பு சுட்டிருக்கிறார்கள். எனக்கு அந்த வாசனை தனியாக வருவதில்லை. கஞ்சிப் பசையின் வாசனையையும் கையோடு கூட்டிக்கொண்டுதான் வரும். இரண்டும் ஒரே வீட்டில், ஒரே வாரத்தில் என் மூக்கில் ஏறியவை.

ஐம்பத்தெட்டாம் வருஷம். ஆவூருக்குத் தெற்கே இரண்டு மைலில் எங்கள் ஊர். ஒரே தெரு, தெருக்கோடியில் ஓடு போட்ட சின்னக் கோயில், எதிரே டீக்கடை. சாமியார், அதாவது எங்கள் பங்குப் பாதிரியார், வெளியூரில் இருந்தார். அன்றாட ஜெபமும் மணியும் உபதேசியார் பொறுப்பு. நான் திருச்சிப் பத்திரிகை ஒன்றுக்கு நிருபர். நிருபர் என்பது பெரிய வார்த்தை. கிணற்றில் மாடு விழுந்தது, பஸ் கவிழப் பார்த்துக் கவிழவில்லை என்பது போன்றவற்றைக் கார்டில் எழுதித் தபாலில் போடுகிறவன். அதற்கு முன் ஆறு மாதம் அலுவலகத்தில் உட்காரவைத்துப் பழக்கினார்கள். அங்கே செய்தி ஆசிரியர் ‘ஏராளமானோர்’ என்ற சொல்லைக் கண்டால் சிவப்பு மையால் அடித்து, ஓரத்தில் ‘எத்தனை?’ என்று எழுதுவார். அன்று பிடித்த வியாதி எனக்கு இன்னும் விடவில்லை. கல்யாணப் பந்தியில் எண்ணுவேன். சாவு வீட்டில் விரலை நீட்டி எண்ணி ஒருமுறை அடி வாங்கப் பார்த்தேன்.

அந்த வருஷம் எங்களுக்கு முதல் மகள் பிறந்தாள். தலைப்பிரசவம் தாய்வீட்டில் என்பது முறை. என் மனைவி லூர்துவுக்குத் தாய் இல்லாததால் எங்கள் வீட்டிலேயே நடந்தது. பக்கத்து ஊரில் கட்டிக்கொடுத்திருந்த என் அக்கா சவரியம்மா துணைக்கு வந்து தங்கினாள். லூர்துவின் அண்ணன் சின்னப்பன் ஆவூரிலிருந்து தினமும் சைக்கிளில் வந்து போனார். வில்லங்கம் இந்த இரண்டு பேருக்கும் நடுவில்தான் முளைத்தது. விஷயம், குழந்தையின் கண்.

லூர்துவின் காலஞ்சென்ற தகப்பனாருக்குப் பூனைக்கண். எங்கள் பக்கம் அத்தனை பேருக்கும் அடுப்புக்கரி. பிறந்த குழந்தைக்கோ இரண்டும் இல்லாமல் நனைந்த சிலேட்டின் நிறம். கைக்குழந்தையின் கண் நிறம் நிலைக்கச் சில மாதம் பிடிக்கும் என்பது அங்கே யாருக்கும் தெரியாது. “எங்கய்யா திரும்பி வந்துட்டாரு” என்றார் சின்னப்பன். அக்கா விடவில்லை. “இங்கிட்டு வெளிச்சத்துல வந்து பாருங்க. ஒங்கய்யா எங்கயும் வரலை. சுத்தக் கறுப்பு.”

தீர்ப்புச் சொல்ல ஊர் வந்தது.

எங்கள் ஊரில் பிள்ளை பார்க்க வருவது சாதாரண மரியாதை. வராவிட்டால்தான் கோபம் என்று அர்த்தம். ஆனால் இந்தப் பிள்ளை விஷயத்தில், கண்ணைப் பார்க்காமல் திரும்புகிறவர் பிள்ளையையே பார்க்காதவர் ஆனார். கிணற்றடியில் கேட்பார்கள், பதில் சொல்லியாக வேண்டும். தூங்கினால் எழுப்ப வேண்டியதுதான். தூளியை விலக்கி இமைமேல் ஊதுவார்கள். உள்ளங்காலைச் சுரண்டுவார்கள். ஒரு பெரியம்மா காது மடலை வெற்றிலை நீவுவதுபோல் நீவினார். சின்னப்பன் ஒருநாள் சைக்கிளை அப்படியே வீட்டுக்குள் உருட்டிவந்து மணியடித்தார். அதற்குக் குழந்தை அசையவில்லை. அவர் மனைவி ஈரக்கையால் கன்னத்தைத் தொட்டார். உடனே விழித்து அலறியது. “பாத்தீங்களா, பூனைக்கண்ணு” என்றார் சின்னப்பன். “அழுகுற பிள்ளைக்கு எல்லாக் கண்ணும் அப்படித்தான்” என்றாள் அக்கா.

நான் என்ன செய்தேன் என்று கேட்பீர்கள். நோட்டுப் போட்டேன். நாற்பது பக்க நோட்டு, கோடு கிழித்து: தூங்கிய நேரம், விழித்த நேரம், எழுப்பியவர் பெயர். பதினாறாம் நாள் கணக்கு எனக்கு இன்றும் நினைவிருக்கிறது. காலை ஆறு முதல் மாலை ஆறு வரை வந்தவர்கள் நாற்பத்தொரு பேர். எழுப்பியது இருபத்து மூன்று தடவை. தொடர்ந்து தூங்கிய மிக அதிக நேரம் முப்பத்தைந்து நிமிடம். அதுவும் கிழக்குப் பக்கம் வேலித் தகராறு ஒன்று மூண்டு, ஊரே அதைப் பார்க்கப் போய்விட்ட புண்ணியத்தில்.

இப்படிப் பகலெல்லாம் எழுப்பப்பட்ட குழந்தை பொழுது சாயும்போது அழத் தொடங்கும். நிறுத்தாது. கண்ணேறு என்று சிலர் முடிவு செய்தார்கள். மிளகாய் சுற்ற மேலும் ஆட்கள் வந்தார்கள். பகலில் தூங்குவதால்தான் இரவில் அழுகிறது என்று வேறு சிலர் கண்டுபிடித்தார்கள். அவர்கள் பகலில் தூங்கவிடாமல் பார்த்துக்கொள்ள வந்தார்கள். ஆக, கண்ணைப் பார்க்க ஒரு கூட்டம் எழுப்பியது, நோயைத் தீர்க்க ஒரு கூட்டம் எழுப்பியது. இரண்டையும் நான் தனித்தனிப் பத்தியில் எழுதினேன். அந்த நோட்டைப் பற்றி எனக்கு அப்போது பெருமையாக இருந்தது என்பதையும் சொல்லிவிட வேண்டும்.

வந்தவர்கள் முகம் துடைக்கத் துண்டு கேட்டால் லூர்து குழந்தையின் ஈரத்துணியை எடுத்துக் கொடுத்தாள். நிலைக்கதவைப் பிடித்து நின்றபடியே கண் அயர்ந்தாள். அவள் தலை சாய்க்கும் நேரத்தில்தான் யாராவது “பிள்ளை முழிச்சிருக்கா?” என்று உள்ளே வருவார்கள். பத்தொன்பதாம் நாள் முற்பகல் உட்கார்ந்து பால் கொடுத்துக்கொண்டிருந்தவள் அப்படியே தூங்கிவிட்டாள். குழந்தை மடியிலிருந்து நழுவிப் பாயில் விழுந்தது. ஒரு முழ உயரம், அடி ஒன்றும் இல்லை. ஆனால் குழந்தை அழுதும் லூர்து எழுந்திருக்கவில்லை. அதுதான் எனக்குப் பயத்தைக் கொடுத்தது. நான் தோளைக் குலுக்கியபோது என்னைப் பார்த்து, “வாங்க, உக்காருங்க. கண்ணு கறுப்புத்தான்” என்றாள். என்னை வேறு யாரோ என்று நினைத்திருக்கிறாள்.

மறுநாள் காலை மாட்டுவண்டி கட்டிக்கொண்டு இரண்டு பேரையும் நர்ஸம்மா ஒருவரிடம் அழைத்துப் போனேன். அவர் குழந்தையைத் தராசில் வைத்தார். பிறந்தபோது இருந்த எடைகூட இல்லை. நான் நோட்டை நீட்டினேன். அவர் பொறுமையாகப் பக்கம் பக்கமாகப் புரட்டினார். என் கையெழுத்தைப் பாராட்டப் போகிறார் என்று நினைத்தேன்.

“பிள்ளை தூங்குனது இருக்கு. எழுப்புனவுக பேரு இருக்கு. இந்தப் பொண்ணு தூங்குனது எங்க எழுதியிருக்கீங்க?”

நோட்டை வாங்கி நானும் புரட்டிப் பார்த்தேன், எங்காவது இருக்கும் என்பதுபோல.

நர்ஸம்மா சொன்னது அதிகமில்லை. பிறந்த பிள்ளை ஒரு நாளில் பெரும்பகுதி தூங்கும், துண்டு துண்டாகத் தூங்கும், பசிக்கு எழும், அது கோளாறு இல்லை. அதற்கு ராத்திரி பகல் தெரியவர இரண்டு மூன்று மாதம் ஆகும். அதுவரை பகலில் வெளிச்சமும் பேச்சும் இருக்கட்டும், இருட்டிய பிறகு விளக்கைத் தணித்துக் கொஞ்சுவதையும் நிறுத்துங்கள். அழுத பிறகு தூங்க வைப்பது கஷ்டம். பார்வையைத் திருப்பிக்கொண்டு, கையை மூடி மூடித் திறந்து, கொட்டாவி விட்டால் உடனே பாயில் மல்லாக்கப் படுக்க வையுங்கள். சத்தம்கூடப் பெரிதில்லை, தொட்டுத் தொட்டு எழுப்பாதீர்கள். கடைசியாக என்னைப் பார்த்து, “இது தூங்குறப்ப அதுவும் தூங்கணும். இன்னும் ஒரு வாரம் இப்படிப் போச்சுன்னா பால் வத்திரும். அப்புறம் ரெண்டு பேரையும் தூக்கிக்கிட்டு நீங்க திருச்சிக்குத்தான் ஓடணும்” என்றார்.

வீட்டுக்கு வந்து அக்காவிடம் சொன்னேன். வருகிறவர்களை வாசலோடு திருப்பி அனுப்பு என்றேன். “வீடு தேடி வாரவுகளை வராதீங்கன்னு நான் எந்த வாயால சொல்ல? நாளைக்கு நம்ம வீட்டுக் காரியத்துக்கு யாரு வருவா?” என்று கேட்டுவிட்டு, துணி துவைக்கக் குளத்துக்குப் போய்விட்டாள். அவள் கேட்டதும் நியாயம்தான். எங்கள் ஊரில் பகலில் கதவைச் சாத்தும் வழக்கமே கிடையாது; சாத்தினால் உள்ளே சண்டை, அல்லது அதைவிட மோசம்.

என் வாய்க்கு யாரும் அடங்கமாட்டார்கள் என்று எனக்குத் தெரியும். ஆனால் எழுதி வைத்ததை மதிப்பார்கள் என்று நம்பினேன். அது என் தொழில் கொடுத்த நம்பிக்கை. அந்த வருஷப் பொங்கலை ஒட்டித் திருச்சியில் ஒரு பெரிய மனிதர் நோயாகப் படுத்திருந்தார். அவர் வீட்டு வாசலில் நாளுக்கு இரண்டு முறை டாக்டரின் அறிக்கை ஒட்டினார்கள். பத்திரிகை அதை அப்படியே வெளியிட்டது. எங்கள் டீக்கடையில் தினமும் பத்திரிகை வாசித்துக் காட்டும் சூசை அதை ஊருக்கே உரக்கப் படித்தார். அந்த வடிவம் எனக்குப் பிடித்திருந்தது. சுருக்கம், நேரம், அடுத்த அறிக்கை எப்போது என்ற தகவல். ஐந்தாவது அறிக்கையோடு அவர் காலமாகிவிட்டார் என்பதை வடிவத்தின் குறையாக நான் கருதவில்லை.

கஞ்சியை எடுத்துப் பசை காய்ச்சினேன். பத்திரிகை அச்சடிக்கிற நியூஸ்பிரிண்ட் தாளில் பெரிய எழுத்தில் எழுதினேன்:

‘அறிக்கை. பகல் 12.10. குழந்தைக்கு இரவு முழுவதும் அமைதி இல்லை. தற்போது தூங்குகிறது. தாயாருக்கும் ஓய்வு தேவை. பார்வையாளர்களுக்கு அனுமதி இல்லை. அடுத்த அறிக்கை மாலை 4 மணிக்கு.’

ஒட்டினேன். கதவைச் சாத்தித் தாழ் போட்டேன். குழந்தை கொட்டாவி விட்டது; பாயில் மல்லாக்க வைத்தேன். லூர்து பக்கத்தில் சாய்ந்தாள். இரண்டு பேரும் தூங்கியபோது மணி பன்னிரண்டு இருபத்தைந்து.

வெளியே நடந்தது எனக்குப் பிறகுதான் தெரிந்தது. முதலில் வந்தது சூசை. மௌனமாகப் படித்தார். பிறகு, டீக்கடையில் பெரிய மனிதரின் அறிக்கைகளைப் படித்த அதே குரலில் தெருவுக்குப் படித்துக் காட்டினார். அந்தக் குரலில் அந்த வாசகங்களைக் கேட்டவர்களுக்கு மேற்கொண்டு விளக்கம் தேவைப்படவில்லை. போதாததற்குப் பட்டப்பகலில் சாத்திய கதவு. பன்னிரண்டு நாற்பதுக்குக் கோயில் மணி அடித்தது. சாகக் கிடக்கிறவர்களுக்காக ஊர் ஜெபிக்க வேண்டும் என்பதற்காக, இடைவெளி விட்டு விட்டு அடிக்கிற மணி. யாருக்கு முடியவில்லை என்று நான் உள்ளே உட்கார்ந்து யோசித்தேன். எதிர்வீட்டுப் பெரியவராக இருக்கும் என்று நினைத்து, வயதையும் பெயரையும் குறித்துவைத்தேன்.

அப்புறம் அக்காவின் குரல் கேட்டது. குளத்திலிருந்து வந்தவளுக்குப் படிக்கத் தெரியாது. யாரோ படித்துச் சொல்லியிருக்கிறார்கள். அவள் எடுத்த எடுப்பில் ஒப்பாரிக்குப் போனாள். கறுப்புக் கண்ணழகி என்று தொடங்கினாள். சின்னப்பனும் அதற்குள் வந்துவிட்டார். அழுதுகொண்டே அந்த இடத்தில் மட்டும் ஆட்சேபித்தார்.

ஜன்னலைத் திறந்தேன். வாசலில் அறுபத்து மூன்று பேர். பின்வரிசையில் தச்சர், சவப்பெட்டிக்கு அளவெடுக்கிற கயிற்றோடு. விரலை உதட்டில் வைத்துக் காட்டினேன். “ஒண்ணுமில்லை. தூங்குதுங்க” என்று கிசுகிசுத்தேன்.

“நம்மளைத் தேத்துறதுக்காகச் சொல்லுறான்” என்றார் ஒருவர்.

“அழுகுறவுக அழுகுங்க. கொஞ்சம் மெதுவா அழுகுங்க” என்றேன். ஆச்சரியம், அவர்கள் கேட்டார்கள். சத்தம் பாதியாகக் குறைந்தது.

கூட்டத்தை விலக்கிக்கொண்டு உபதேசியார் வந்தார், கையில் செம்புத் தண்ணீரோடு. ஞானஸ்நானம் அடுத்த ஞாயிற்றுக்கிழமை என்று வைத்திருந்தோம். பெறாமல் குழந்தை போய்விட்டால் அவர் மனசுக்கு ஆறாது. சாமியார் இல்லாத இடத்தில், ஆபத்துக் காலத்தில் அவரே ஊற்றலாம். அவரை மட்டும் உள்ளே விட்டேன். செருப்பைக் கழற்றிவிட்டுப் பாயருகே குனிந்து நின்றார். குழந்தையின் வயிறு ஏறி இறங்கியது. வெகு நேரம் பார்த்தார்.

“நல்லாத்தானப்பா இருக்கு.”

“நல்லாத்தான் இருக்கு.”

“எதுக்கும் ஒரு சொட்டு ஊத்திட்டுப் போயிரவா?”

“ஊத்துனா முழிச்சுக்கும்ங்க.”

அவர் குழந்தையைப் பார்த்தார். வாயைத் திறந்தபடி தூங்கும் லூர்துவைப் பார்த்தார். அந்த மனிதர் முப்பது வருஷமாக ஆன்மாக்களுக்குப் பொறுப்பு. அவருக்கு இது லேசான முடிவு இல்லை. கடைசியில் செம்பை உயர்த்தி, அந்தத் தண்ணீரை அண்ணாந்து தானே குடித்தார். வாயைத் துடைத்துக்கொண்டு வெளியே போனார்.

உயிரோடு இருக்கிறது என்று அவர் சொன்னதும் ஒரு பெருமூச்சு எழுந்தது. அடுத்து, இவ்வளவு தூரம் அழவைத்துவிட்டானே என்று ஒரு முணுமுணுப்பு. அதற்கடுத்த கேள்வியைச் சின்னப்பன் கேட்டார்: “உபதேசியாரே, கண்ணு என்ன நிறம்?”

“தூங்குற பிள்ளைக்கு எனக்கு எப்படித் தெரியும்?”

கூட்டம் கலையும் என்று எதிர்பார்த்தேன். கலையவில்லை. அடுத்த அறிக்கை நான்கு மணிக்கு என்று எழுதியிருந்தது அல்லவா? எழுதியதை மதிப்பார்கள் என்று நான் நம்பியது வீண்போகவில்லை. வேப்பமர நிழலில் உட்கார்ந்தார்கள். இருமுகிறவர் எழுந்து டீக்கடைப் பக்கம் போய் இருமிவிட்டு வந்தார். எங்கள் தெருவில் அத்தனை பேர் கூடி அவ்வளவு அமைதியாக இருந்ததை அதற்கு முன்னும் நான் பார்த்ததில்லை, பின்னும் பார்த்ததில்லை. குழந்தை இடையில் இரண்டு முறை பசிக்கு முனகியது. லூர்து கண்ணைத் திறக்காமலே பக்கத்தில் இழுத்துப் பால் கொடுத்தாள். நான் விழித்து உட்கார்ந்து காவல் இருந்தேன்.

நான்கு பத்துக்கு லூர்து தானாக எழுந்தாள். ஜன்னல் வழியாக எட்டிப் பார்த்தாள்.

“யாருங்க செத்தது?”

“யாருமில்ல. நம்ம பிள்ளைன்னு நெனைச்சுட்டாங்க.”

“அப்படியா” என்றாள். அவிழ்ந்த முடியை அள்ளி முடிந்தாள். “சோறு இருக்கா?”

இருபது நாளில் அவளாகச் சோறு கேட்டது அதுதான் முதல் தடவை. இரண்டு தட்டுச் சாப்பிட்டாள். அறிக்கை பத்து நிமிடம் தாமதமானதற்குச் சூசை வெளியே வருத்தம் தெரிவித்துக்கொண்டிருந்தார்.

அதன்பிறகு தினமும் மூன்று அறிக்கை ஒட்டினேன். ஊர் பிள்ளை பார்க்க வந்து, அறிக்கையைப் பார்த்துவிட்டுப் போனது. கண் நிறத்தையும் சேர்க்கச் சொல்லி இரு தரப்பும் வற்புறுத்தியதால், ‘நிறம் இன்னும் உறுதியாகவில்லை’ என்ற வரியை நிரந்தரமாகப் போட்டேன். அக்கா அடியோடு மாறிவிட்டாள். வாசலில் முறத்தோடு உட்கார்ந்து, “என்ன வேணும்? அதுலதான் எழுதியிருக்குல்ல, வாசிங்க” என்பாள். இரண்டாம் வாரம் நர்ஸம்மாவின் தராசு முள் எங்கள் பக்கம் சாய்ந்தது. நோட்டில் லூர்துவுக்கும் ஒரு பத்தி போட்டேன். நர்ஸம்மா அதைப் பார்த்தார். நோட்டை மூடித் திருப்பிக் கொடுத்தார்.

அந்த வருஷமே ஊரில் மேலும் நான்கு பிரசவம். நான்கு வீட்டுக்காரர்களும் அறிக்கை எழுத என்னிடம் வந்தார்கள். அறிக்கை ஒட்டிய வீட்டுக்குள் யாரும் நுழைவதில்லை என்பது பழகிப்போயிருந்தது. மூன்றாவதாக வந்தவள் சூசையின் மருமகள். கைக்குழந்தையைக் கையில் ஏந்திக்கொண்டே வந்தாள். குழந்தை என்னைப் பார்த்துக் கண்ணை உருட்டியது.

“முழிச்சுத்தானம்மா இருக்கு?” என்றேன்.

“முழிச்சுத்தான் இருக்கு, மாமா. தூங்குதுன்னு எழுதுங்க.”

பொய்ச் செய்தி எழுதியதில்லை என்று அதுவரை நான் சொல்லிக்கொள்வதுண்டு. எழுதிக் கொடுத்தேன். அடுத்த எட்டு வருஷத்தில் அப்படி எத்தனை எழுதினேன் என்பதை மட்டும் நான் எண்ணவில்லை.

பிறகு பிரசவங்கள் ஆஸ்பத்திரிக்குப் போயின. அங்கே பார்வை நேரம் என்று பலகையே உண்டு. டீக்கடையில் உரக்கப் படிக்கிற வழக்கம் டிரான்சிஸ்டர் வந்ததும் நின்றது. சூசை போனார், அக்கா போனாள், சின்னப்பன் போனார். லூர்து போய் ஒன்பது வருஷம். இளவட்டங்கள் முதலில் திருச்சிக்கும் பிறகு சிங்கப்பூருக்கும் வளைகுடாவுக்கும் போனார்கள். பிள்ளைகள் அங்கேயே பிறந்தார்கள். போன ஈஸ்டருக்கு ஊருக்குப் போயிருந்தேன். கோயில் சாவி வைத்திருப்பவரிடம், இப்போது கைக்குழந்தை இருக்கிற வீடு எது என்று கேட்டேன். அவர் தெருவை ஒரு கோடியிலிருந்து மறுகோடி வரை வீடு வீடாக யோசித்துப் பார்த்துவிட்டு, ஒன்றும் இல்லை என்றார்.